ஈரத் தூரிகையைப் பெட்டியில் பூட்டாதீர்கள்!

பள்ளி ஆண்டு விழா நெருங்கிவிட்டால் ஒப்பனைப் பெட்டிக்குத் தனி மவுசு வந்துவிடும். ஓராண்டுக் காலம் அலமாரியின் மேல் தட்டில் உறங்கிக் கிடந்த அந்தத் தகரப் பெட்டியைத் தூசி தட்டி இறக்குவார்கள். உள்ளே முகப் பவுடர், பான்கேக், உதட்டுச் சாயம், கண்மை. இவற்றோடு நாலைந்து தூரிகைகள். குறத்தி நடனம் ஆடும் மாணவிக்கும், கட்டபொம்மனாக வரும் மாணவனுக்கும், கிளி வேடமிடும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் அதே தூரிகைதான். விழா முடிந்ததும் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். பொறுப்புள்ளவர் யாராவது இருந்தால், தூரிகைகளைக் குழாயடியில் ஒருமுறை அலசி, இரண்டு உதறு உதறி, உள்ளே வைத்துப் பூட்டச் சொல்வார். கழுவி வைத்தாயிற்று என்ற திருப்தியோடு எல்லாரும் வீடு திரும்புவார்கள்.

இந்தத் திருப்திக்கு ஆதாரமில்லை என்பதே என் கட்சி. அப்படிக் கழுவியதைக் காட்டிலும் கழுவாமலே விட்டிருந்தால்கூடப் பாதகமில்லை என்று நான் சொன்னால் நீங்கள் வியப்படையக்கூடும். தூரிகையைச் சுத்தம் செய்வதில் கழுவுவது பாதி வேலைதான். நீரை வெளியேற்றுவது மறுபாதி. அந்த மறுபாதியைத்தான் பள்ளியிலும் சரி, வீட்டிலும் சரி, நாம் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. இன்று பல வீடுகளில் அக்காவிடமோ அத்தையிடமோ இத்தகைய தூரிகைகள் ஏழெட்டாவது இருக்கின்றன. ஆகவே இது ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் சங்கதியும் அன்று.

முதலில், பயன்படுத்திய தூரிகையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பவுடர்த் துகள்கள், முகத்தில் சுரக்கும் எண்ணெய், தோலிலிருந்து உதிரும் இறந்த செல்கள், வியர்வையின் உப்பு. இவற்றோடு நம் தோலில் எப்போதும் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள். இவை தோலின் மேல் இருக்கும்வரை பெரும்பாலும் சாதுவானவையே. ஒரு பருவைக் கிள்ளிய இடத்திலோ சவரக் காயத்திலோ புகுந்துவிட்டால்தான் தம் குணத்தைக் காட்டும். பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு உணவு, இதமான வெப்பம், நீர் ஆகிய மூன்றும் வேண்டும். உணவு தூரிகையிலேயே இருக்கிறது. இதமான வெப்பத்துக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமே இல்லை. மூன்றாவதாகிய நீரைத்தான் நாம் குழாயடியில் நம் கையாலேயே ஊட்டிப் பெட்டியை மூடுகிறோம்.

உதறினால் நீர் போய்விடாதா என்று கேட்பீர்கள். போகாது. அதை விளக்க ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். சார்லஸ் வெர்னன் பாய்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலறிஞர் சோப்புக் குமிழிகளைப் பற்றி இளைஞர்களுக்குச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை 1890-இல் நூலாக வெளிவந்தன. அவர் எடுத்த எடுப்பில் காட்டியது குமிழி அன்று. ஒரு சாதாரண வண்ணத் தூரிகைதான். நீங்களும் செய்து பாருங்கள். உலர்ந்த தூரிகையின் முடிகள் விரிந்து நிற்கும். அதை ஒரு கண்ணாடி டம்ளரில் உள்ள நீரில் அமிழ்த்துங்கள். முடிகள் அப்போதும் விரிந்தே நிற்கும். இப்போது மெல்ல வெளியே எடுங்கள். சட்டென்று எல்லா முடிகளும் ஒன்றாகச் சேர்ந்து கூர்நுனியாகிவிடும். நனைந்ததால் ஒட்டிக்கொண்டன என்று சொல்லிவிட முடியாது. நீருக்குள் இருக்கும்போதும் அவை நனைந்துதானே இருந்தன? நீருக்கும் காற்றுக்கும் இடையே ஒரு பரப்பு உண்டானபோதுதான் அவை ஒட்டின. அந்தப் பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய ரப்பர்த் தாளைப்போல் நடந்துகொண்டு முடிகளை நெருக்குகிறது. பரப்பு இழுவிசை என்று பாடத்தில் படிக்கிறீர்களே, அது இதுதான். நம் பாடநூல்களில் இதற்குச் சொல்லும் உதாரணம் நீரில் மிதக்கும் ஊசி. என்னைக் கேட்டால் தூரிகைதான் அதைவிட நல்ல உதாரணம். ஊசி பத்து முறைக்கு எட்டு முறை மூழ்கிப்போய் வகுப்பைச் சிரிக்க வைக்கும்.

முடிகள் நெருங்கியதும் அவற்றினிடையே உள்ள சந்துகள் ஒவ்வொன்றும் நுண்புழைக் குழாயாகிவிடுகின்றன. 0.1 மி.மீ. ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறக்குறைய 15 செ.மீ. உயரம் ஏறி நிற்கும் என்பதைச் சூத்திரத்தைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம். ஆரம் குறையக் குறைய உயரம் கூடும். தூரிகை முடியின் நீளமோ மூன்று நான்கு செ.மீ.தான், சந்துகளோ 0.1 மி.மீ.-ஐவிடக் குறுகியவை. ஆகவே தூரிகையை எப்படிப் பிடித்தாலும் புவியீர்ப்பு விசையால் மட்டும் அந்த நீரை வெளியே இழுத்துவிட முடியாது. அதுமட்டுமன்று. முடிகள் நுனியில் விரிந்தும் அடியில் நெருங்கியும் இருக்கின்றன. அடியில்தான் சந்துகள் மிகக் குறுகியவை. நீர் எப்போதும் அகன்ற சந்திலிருந்து குறுகிய சந்தை நோக்கியே நகரும். ஆதலால் நுனியைத் தொட்டுப் பார்த்து 'உலர்ந்துவிட்டது' என்று நாம் முடிவு செய்யும் வேளையில், உலக்கைக்குப் பூண் போட்டதுபோல் முடிகளை இறுக்கிப் பிடித்திருக்கும் உலோகப் பூணுக்குள் நீர் பதுங்கியிருக்கும். அங்கே இருப்பது ஒட்டுப்பசை. சில மாதங்களில் முடி கொட்டத் தொடங்குவதும், மரக் கைப்பிடி உப்பிப் பூண் ஆடுவதும் இதனால்தான். கடைக்காரர் மட்டமான சரக்கை விற்றுவிட்டார் என்று நாம் அவரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

தூரிகையைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. செங்குத்தாக டம்ளரில் நிறுத்தினால் புவியீர்ப்பும் நுண்புழை விசையும் கூட்டுச் சேர்ந்து நீரைப் பூணுக்குள் அனுப்பும். தொங்கவிட்டால் குறைந்தபட்சம் அந்தக் கூட்டணி முறியும். ஆனால் மேலே நாம் போட்ட கணக்கின்படி நுண்புழை விசையே வலுவானது. அதை வெல்ல அதைக்காட்டிலும் நுண்ணிய புழைகள் வேண்டும். அவை எங்கே கிடைக்கும்? அப்பாவின் பழைய பருத்தி வேட்டியில்! பருத்தி இழைகளுக்கு இடையே உள்ள சந்துகள் தூரிகையின் சந்துகளைவிடக் குறுகியவை. தூரிகையைப் பருத்தித் துணியில் சுற்றி, பூணின் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி விரல்களால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நீர் முடியை விட்டுத் துணிக்குத் தாவிவிடும். துணியின் உலர்ந்த பகுதிக்கு மாற்றி மூன்று நான்கு முறை செய்தால், மணிக்கணக்கில் தொங்கவிடுவதால் ஆகாத காரியம் இரண்டு நிமிடத்தில் ஆகும். பாலியெஸ்டர் துணி இதற்கு உதவாது. பேட்டரியில் தூரிகையைச் சுழற்றி நீரைச் சிதறடிக்கும் கருவிகளும் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றின் இயற்பியலில் குற்றமில்லை. ஆனால் வேட்டித் துண்டு செலவில்லாதது.

மிச்சமுள்ள நீர் ஆவியாகித்தான் போக வேண்டும். 1 கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் தேவை. இவ்வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்று கொடுக்க வேண்டும்; அந்தக் காற்றே ஆவியைச் சுமந்து செல்லவும் வேண்டும். மூடிய பெட்டிக்குள் காற்று விரைவில் நிறைவுற்றுவிடும். அதன்பின் ஒரு துளிகூட வெளியேறாது. ஐப்பசி, கார்த்திகை மாத மழைக் காலத்தில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பெட்டிக்கு வெளியே உள்ள காற்றே ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கும். அந்நாட்களில் மின்விசிறிக்கு அடியில் வைப்பதே சரி. வெப்பத்தைவிடக் காற்றோட்டமே முக்கியம். அவசரப்பட்டு முடி உலர்த்தும் கருவியின் சூடான காற்றைக் காட்டினால் ஒட்டுப்பசை இளகும். மேசை விளிம்பில் தூரிகைகளை வரிசையாக வைத்து, முடிப்பகுதி விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்து, நுனி சற்றே தாழ்ந்திருக்குமாறு கைப்பிடிக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தைச் செருகிவிடுங்கள். நாற்புறமும் காற்றுப் படும். மழையில்லாத நாளில் இராத்திரி முழுவதும் விட்டுவிட்டால் காலையில் பெரும்பாலான தூரிகைகள் தயாராகிவிடும்.

இனி கழுவும் பாதிக்கு வருவோம். இதை நான் பின்னால் சொல்வதற்குக் காரணம், இதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசுகிறது என்பதே.

வெறும் நீர் ஏன் போதாது? தூரிகையின் முடியில் எண்ணெய் படிந்திருக்கிறது. எண்ணெய் படிந்த பரப்பில் நீர் பரவாது; முத்து முத்தாக உருண்டு நிற்கும். சோப்பைக் கரைத்தால் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து 30-ஐ ஒட்டிய அளவுக்கு இறங்கிவிடும். நீர் முடியின் மேல் படரும். சோப்பு மூலக்கூறுக்கு ஒரு முனையில் நீரை விரும்பும் தலையும் மறுமுனையில் எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு என்பதை வேதியியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். வால்கள் எண்ணெய்த் துளியில் புதைந்துகொள்ள, தலைகள் வெளியே நீரைப் பார்த்து நிற்க, துளி அப்படியே மிதந்து போய்விடுகிறது.

ஆனால் எந்தச் சோப்பு? இங்கேதான் நம் ஊர்த் தண்ணீர் குறுக்கிடுகிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல ஊர்களில் கடின நீர். அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சாதாரணச் சோப்போடு சேர்ந்து நீரில் கரையாத வெண்ணிறப் பிசுக்காக மாறும். வாளியின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும் அதே பிசுக்குத் தூரிகையின் முடியிலும் ஒட்டும். கழுவக் கழுவத் தூரிகை விறைத்துப் போகிறது என்று குறைப்படுபவர்கள் பெரும்பாலும் கடின நீரில் சோப்புப் போடுபவர்களே. ஷாம்பு அப்படியன்று. அதில் இருப்பது செயற்கை அழுக்குநீக்கி. கடின நீரிலும் அது பிசுக்குக் கட்டாது. ஆகவே ஒரு சிறு ஷாம்பு உறையே நாலைந்து தூரிகைகளுக்குப் போதும். தூரிகைக்கென்றே விற்கும் தனிக் கழுவுநீர் நமக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். ஆட்டு முடி, அணில் முடி போன்ற விலங்கு முடியாலான தூரிகைக்குப் பூந்திக்கொட்டை ஊறிய நீரும் ஏற்றதே. பட்டுப் புடவையைப் பூந்திக்கொட்டையில் அலசும் பாட்டிமார் சும்மா அலசவில்லை. பட்டும் முடியும் புரதத்தால் ஆனவை. சலவைச் சோடாவைப்போன்ற காரப் பொருள்கள் புரதத்தைச் சிதைக்கும். பூந்திக்கொட்டையின் நுரை சிதைக்காது.

பான்கேக், உதட்டுச் சாயம் போன்ற எண்ணெய்ப் பிடிப்புள்ள ஒப்பனைக்கு ஷாம்பு மட்டும் போதாது. முதலில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தூரிகையில் தேய்த்துத் துணியில் துடைத்துவிட்டுப் பிறகு ஷாம்புக்கு வாருங்கள். அழுக்கை நீக்க எண்ணெயா என்று முகம் சுளிக்க வேண்டாம். எண்ணெய் எண்ணெயில்தான் எளிதில் கரையும். நம் நாடகக் கலைஞர்கள் ஆட்டம் முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவித்தான் அரிதாரத்தைக் கலைப்பார்கள்.

கழுவும்போது ஒரே திசையில், பூணிலிருந்து நுனியை நோக்கியே தடவ வேண்டும். இதற்கும் காரணம் உண்டு. உங்கள் தலையிலிருந்து நீளமான ஒரு முடியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து, முடியின் நீளவாக்கில் விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி தானாக ஒரு பக்கமாக ஊர்ந்து செல்லும்! முடியின் மேற்பரப்பில் கூரை ஓடுகளைப்போல் செதில்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் விளிம்புகள் நுனியை நோக்கியிருப்பதால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் பிடிக்கும். தூரிகையை உள்ளங்கையில் கண்டபடி தேய்த்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு முடி சிக்காகிவிடும். நைலான் போன்ற செயற்கை இழைகளுக்குச் செதில் கிடையாது. எனவே 'அசல் ஆட்டு முடி' என்று விலை சொல்லி விற்ற தூரிகையிலிருந்து உதிர்ந்த முடியொன்று கிடைத்தால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஊர்ந்தால் முடி, ஊராவிட்டால் ஐயத்துக்கு இடமுண்டு.

அடுத்தது அலசுதல். குழாயைத் திறந்துவிட்டு நீண்ட நேரம் அதன் அடியில் தூரிகையைப் பிடித்துக்கொண்டிருப்பது நீருக்கும் கேடு, பூணுக்கும் கேடு. ஒரு கணக்குப் போடுவோம். பிழிந்த பிறகும் தூரிகையில் 2 மி.லி. ஷாம்பு நீர் தங்கியிருக்கிறது என்று கொள்வோம். 100 மி.லி. நல்ல நீரில் அதை ஒருமுறை நன்றாக அலசிப் பிழிந்தால், ஷாம்பு 102 மி.லி.-இல் பரவி, அதில் 2 மி.லி. மட்டும் தூரிகையில் தங்கும். அதாவது 51-இல் ஒரு பங்கு மிஞ்சும். அதே 100 மி.லி. நீரை 25 மி.லி. வீதம் நான்காகப் பங்கிட்டு, நான்கு முறை அலசி, ஒவ்வொரு முறையும் பிழிந்தால்? ஒவ்வொரு முறையும் 27-இல் 2 பங்கு, அதாவது 13.5-இல் ஒரு பங்கு மிஞ்சும். நான்கு முறைக்கு 13.5-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். விடை 33,000-க்கு மேல்! ஒரே அளவு நீர்தான். 51-இல் ஒரு பங்கு எங்கே, 33,000-இல் ஒரு பங்கு எங்கே? ஒவ்வொரு முறையும் நீர் முடிகளுக்கு இடையே முழுவதுமாகக் கலந்தால்தான் இக்கணக்கு அப்படியே பொருந்தும் என்பது உண்மை. நடைமுறையில் சற்றுக் குறையும். ஆனாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளதே. துணி துவைக்கும்போது மூன்று வாளி மாற்றி அலசும் அம்மாக்கள் இந்தக் கணக்கைப் போடாமலே நடைமுறைப்படுத்துகிறார்கள். குடத்துக்குக் காத்துக் கிடக்கும் ஊரில் 100 மி.லி.-இல் ஒரு தூரிகையை முடிக்கலாம் என்பது சிறிய செய்தியன்று.

கிருமிநாசினி வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. கொதிநீர் ஒட்டுப்பசையைக் கெடுக்கும்; அது வேண்டாம். ஆல்கஹால் கிருமிகளைக் கொல்லும். அதிலும் முழுத் தூய்மையான ஆல்கஹாலைவிட 70 விழுக்காடு ஆல்கஹாலே நன்றாக வேலை செய்யும். பாக்டீரியாவின் புரதங்களைக் குலைக்க நீரும் உடன் தேவைப்படுகிறது. ஆனால் ஆல்கஹால் அழுக்கை நீக்காது. எண்ணெயும் பவுடரும் அப்பிய தூரிகையில் அதைத் தெளிப்பது குளிக்காமல் அத்தர் பூசிக்கொள்வதைப் போன்றது. கழுவி உலர்த்திய பிறகு, பலருக்குப் பயன்படும் தூரிகைக்கு மட்டும், பெரியவர்கள் முன்னிலையில், நெருப்பில்லாத இடத்தில் இதைச் செய்யலாம். வீட்டில் ஒருவரே பயன்படுத்தும் தூரிகைக்கு இது தேவையே இல்லை.

கண்ணுக்கு மட்டும் வேறு சட்டம். 2020-இல் கொரோனா பரவியபோது சோப்பின் பெருமையைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துப் போயிற்று. அந்த வைரசுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பு அதைக் கிழித்துவிடும். ஆனால் நம் மக்கள் 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லும் கண்நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் அடினோவைரசுக்கு அந்தக் கொழுப்புறை கிடையாது. சோப்பு அதைக் கழுவித் தள்ளலாமே தவிர, எளிதில் அழித்துவிடாது. உலர்ந்த பரப்பில்கூட அது பல நாட்கள் தாங்கும். ஆகவே கண்ணிமைக்கும் கண்மைக்கும் உரிய தூரிகையைப் பொதுவில் வைக்கவே கூடாது. தன் கண்ணுக்குத் தன் தூரிகை. அது இல்லாவிட்டால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பஞ்சுக் குச்சி. இந்த ஒரு விஷயத்தில் ஒப்பனை செய்யும் ஆசிரியை மாணவியின் பேச்சைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒப்பனைக்குப் பயன்படும் பஞ்சு உருண்டைகளைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயன்பாட்டில் இருந்த 467 ஒப்பனைப் பொருள்களைச் சோதித்து, 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மிகப் பெரும்பாலானவற்றில் பாக்டீரியாக்கள் இருந்தன. எல்லாவற்றிலும் மோசமானது பஞ்சு உருண்டைதான்; அவற்றில் 93 விழுக்காடு ஒருமுறைகூடச் சுத்தம் செய்யப்படாதவை. தூரிகையிலாவது முடிகளுக்கு இடையே காற்றுப் போக வழி உண்டு. பஞ்சு உருண்டையின் நடுவில் உள்ள ஈரம் வெளியே வருவதற்குள் அடுத்த நாள் ஒப்பனைக்கு நேரமாகிவிடும். நான் சொன்ன 'உலர்த்தும் பாதி'யின் முக்கியத்துவத்துக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. பள்ளிப் பெட்டியில் பஞ்சு உருண்டை இருந்தால், தயவுசெய்து குப்பைக்கூடைக்கு அனுப்பிவிடுங்கள்.

இவ்வளவு தூரம் படித்த உங்களில் சிலர், 'ஒப்பனைத் தூரிகையைக் கழுவுவதெல்லாம் ஒரு விஞ்ஞானமா?' என்று முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. குறிப்பாக மாணவர்கள். கழுவுவது பெண்களின் வேலை, கணக்குப் போடுவது ஆண்களின் வேலை என்ற எண்ணம் இன்னும் நம் பள்ளிகளைவிட்டு முழுவதும் போகவில்லை. விழா முடிந்ததும் நாற்காலி அடுக்க மாணவர்களையும், பெட்டியைக் கழுவ மாணவிகளையும் அனுப்புகிற வழக்கத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1862-இல் பிறந்த இவர் ஜெர்மனியில் பிரன்ஸ்விக் நகரில் வாழ்ந்தார். அக்காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. நோயுற்ற பெற்றோரைக் கவனித்துக்கொண்டு, சமையலறையே கதியாக இருந்தார். பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெயும் சோப்பும் படரும் விதத்தைக் கூர்ந்து நோக்கினார். ஒரு தகரத் தொட்டியில் விளிம்புவரை நீர் நிரப்பி, அதன் குறுக்கே ஒரு தகரப் பட்டையை நகர்த்தி, மாசுபட்ட நீர்ப்பரப்பைச் சுருக்கியும் விரித்தும் பரப்பு இழுவிசை எப்படி மாறுகிறது என்று அளந்தார். 1891-இல் தம் முடிவுகளை ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். உலகப் புகழ்பெற்ற அந்த இயற்பியலறிஞர் அக்கடிதத்தை அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார். பரப்பு இயலுக்காக 1932-இல் நோபெல் பரிசு பெற்ற லாங்மியூர் பயன்படுத்திய தொட்டி, பாக்கெல்சின் தகரத் தொட்டியின் வழிவந்ததே. அதே 1932-இல்தான் பாக்கெல்சுக்கும் அவர் ஊர்த் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அப்போது அவருக்கு வயது 70.

ஆகவே என் யோசனை இது. பள்ளியின் ஒப்பனைப் பெட்டியை இனிமேல் அறிவியல் மன்றத்தின் பொறுப்பில் விடுங்கள். மாணவர்களும் மாணவிகளும் சேர்ந்தே கழுவட்டும். இதற்குத் தேவையானவை ஒரு ஷாம்பு உறை, கொஞ்சம் தேங்காய் எண்ணெய், பழைய பருத்தித் துணி, நாலு டம்ளர், இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் தராசு.

தராசு எதற்கு என்கிறீர்களா? தூரிகை முழுவதும் உலர்ந்துவிட்டதா என்பதை விரல் சொல்லாது. பூணுக்குள் விரல் போகாது. எடை சொல்லும். எண்ணெயும் ஷாம்பும் போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில்லாத காற்றோட்டத்தில் கிடந்த தூரிகையின் எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதுவே அதன் உலர் எடை. அடுத்த முறை கழுவியவுடன் ஒருமுறை, துணியில் அழுத்தியபின் ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை எடை பார்த்து வரைபடத் தாளில் குறியுங்கள். துணியில் அழுத்தியதும் கோடு செங்குத்தாக இறங்குவதையும், பின்னர் மெல்லச் சரிவதையும், கடைசியில் பூணுக்குள் உள்ள நீரால் நெடுநேரம் இழுத்துக்கொண்டே போவதையும் காண்பீர்கள். மின்விசிறிக்கு அடியில் ஒரு தூரிகை, மூடிய பெட்டிக்குள் ஒரு தூரிகை என்று வைத்து இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால் தலைமையாசிரியரிடம் காட்டுவதற்கும் வசதியாக இருக்கும். மழை நாளில் எடை உலர் எடையைவிடச் சற்றுக் கூடுதலாகவே நின்றுவிட்டால் திகைக்க வேண்டாம். முடியும் மரக் கைப்பிடியும் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது உறிஞ்சக்கூடியவை. அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் மாறாமல் இருந்தால் பெட்டியில் வைக்கலாம். பெட்டியின் மூடியில் ஆணியால் நாலைந்து துளைகளும் போட்டுவிடுங்கள்.